திருமதி மோர்கன் எங்களைத் திட்டிய காலம்

செய்தியைச் சொன்னவர் டேவிஸ். மகள் வேலைக்குப் போய்விட, நான் இரண்டாவது தேநீரைப் போட்டுக்கொண்டிருந்த நேரம் தொலைபேசி அடித்தது. "கிழவி போய்விட்டாள்," என்றார். பெயர் சொல்லவில்லை. டேவிஸின் வாயில் கிழவி என்றால் அது திருமதி மோர்கன் ஒருவர்தான். "புதன்கிழமை அடக்கம். உங்கள் ஆட்களுக்கும் சொல்லிவிடுங்கள்," என்று வைத்துவிட்டார்.

சொன்னேன். அன்று மாலை எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் நிர்வாகக் குழு கூடியபோது, இந்தச் செய்தி மடலில் அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன். செயலாளர் சிவபாலன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"மாஸ்ரர், உங்களுக்கென்ன விசரே? அந்த மனிசி எங்களைப் படுத்தின பாடு மறந்துபோச்சோ?"

"மறக்கேல்லை. அதைத்தான் எழுதப்போறன்."

"அப்ப என்ரை மனிசியைப் பனிக்குள்ளை நிப்பாட்டினதையும் எழுதுங்கோ."

"அதையும் எழுதுவன்."

பெற்றோர் எல்லாரும் நாகேஸ் அன்ரி என்று அழைக்கும் நாகேஸ்வரிதான் இடையில் புகுந்தார். "செத்துப்போன மனிசி. நல்லதாய் நாலு சொல்லு எழுதிப்போட்டு விடுங்கோவன்."

"நாலுக்கு எங்கை போறது அன்ரி?" என்றார் சிவபாலன்.

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் எழுதுகிறேன்.

அண்மையில் வந்தவர்களுக்காக முதலிலிருந்து சொல்ல வேண்டும். எண்பத்து மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஓர் அப்பாட்மென்ற் கட்டடத்தின் கீழறையில் தொடங்கினோம். சத்தம் என்று அங்கிருந்து எழுப்பினார்கள். அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் டான்ஃபோர்த் வீதிக்குப் பக்கத்துச் சந்தொன்றில், வெல்ஷ் மக்களின் சின்னச் செங்கல் ஆலயத்தின் பேஸ்மென்ற் வாடகைக்குக் கிடைத்தது. வேல்ஸ் இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டிக்கிடக்கும் ஒரு நாடு. அவர்களுக்கென்று தனி மொழி உண்டு. இந்த ஆலயத்து ஆட்கள் ஏறக்குறைய எல்லாரும் மலையில் கல் உடைக்கும் ஒரே கிராமத்திலிருந்து வந்தவர்கள். ரொறன்ரோவிலும் நாலைந்து வீதிகளுக்குள்ளேயே குடியிருந்தார்கள். அந்தக் கிராமத்தை அப்படியே, அதன் கோபதாபங்களோடு, தூக்கி வந்து இங்கே வைத்திருந்தார்கள் என்று சொல்லலாம்.

கட்டடத்தின் சாவி திருமதி மோர்கனிடம் இருந்தது. ஆலயப் பாடகர் குழுவை நடத்தியவரும் அவர்தான். சனிக்கிழமை காலையில் மேலே அவருடைய பாட்டுப் பயிற்சி, கீழே எங்களுடைய அரிச்சுவடி. இந்த ஏற்பாட்டைச் செய்தவருக்கு யாரிலோ கோபம் இருந்திருக்க வேண்டும்.

முதல் நாளே படியில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். மெலிந்து நெடுத்த உருவம், சாம்பல் நிறக் கோட்டு. கைகுலுக்கவில்லை. "கதிரையை இழுக்கக் கூடாது. தூக்கி வைக்க வேண்டும். கீழே ஒரு கதிரை கத்தினால் மேலே ஒரு குரல் செத்துப்போகும்," என்றார். நாங்கள் தூக்கித்தான் வைத்தோம். பிள்ளைகள் பிள்ளைகள்தானே. ஏதாவதொரு கதிரை கிரீச்சிடும். உடனே மேலே பாட்டு நிற்கும். பிறகு படிகளில் அவருடைய சப்பாத்துச் சத்தம் இறங்கி வரும். "மோகனா வாறா!" என்று பின்வரிசை அறிவிக்கும். மோர்கன் என்ற பெயரை எங்கள் பிள்ளைகள் ஒரே வாரத்தில் மோகனா ஆக்கிவிட்டார்கள். அவர் கதவைத் திறந்து எல்லாரையும் பார்த்து முறைக்க, இருபது பிள்ளைகள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு "அம்மா, ஆடு, இலை" என்று கத்துவார்கள்.

சிவபாலன் சொன்ன அந்தப் பனிச் சம்பவம் முதல் தைப்பொங்கலுக்கு நடந்தது. அவருடைய மனைவி ஒரு பெரிய சட்டி நிறைய வடை சுட்டுக்கொண்டு வந்தார். வாசலில் திருமதி மோர்கன் கையை விரித்து மறித்தார். எண்ணெய் மணம் மேலே ஏறிப் பாடுகிறவர்களின் தொண்டையைப் பிடிக்குமாம். "அதை வெளியில் வைத்துவிட்டு உள்ளே வா." வடையை அந்தக் குளிரில் வைத்தால் கல்லாகிவிடும். சிவபாலனின் மனைவியும் லேசுப்பட்டவர் அல்ல. சட்டியை விடாமல் அணைத்துக்கொண்டு பனிக்குள்ளேயே நின்றார். பிள்ளைகள் மேலங்கியில்லாமல் ஓடிப்போய்ச் சுற்றி நின்று தின்றார்கள். திருமதி மோர்கன் மேல் சன்னலால் கடைசி வடை முடியும் மட்டும் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த சனிக்கிழமை வாசலில் சமைத்த உணவு கொண்டுவரத் தடை என்று அறிவித்தல் ஒட்டியிருந்தது. அது இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

ஒரு நாள் நான் சமாதானம் பேசிப் பார்த்தேன். ஆசிரியப் பழக்கம். உதாரணம் சொன்னால் எவருக்கும் விளங்கும் என்று நம்புகிறவன் நான். "நீங்கள் மேலே உங்கள் மொழியைக் காப்பாற்றுகிறீர்கள், நாங்கள் கீழே எங்கள் மொழியைக் காப்பாற்றுகிறோம். இரண்டும் ஒரே வேலைதானே?" என்றேன்.

"உங்கள் மொழியை எத்தனை பேர் பேசுகிறார்கள்?" என்று கேட்டார்.

"பல கோடிப் பேர்."

"அப்படியானால் ஒப்பிடாதீர்கள்," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

இன்னொரு சம்பவமும் அதே குளிர்காலத்தில் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்று, எங்கள் கார்களையும் எங்கள் நிறத்தையும் சேர்த்துச் சத்தமாகக் குறை சொன்னார். இந்த ஆட்களை ஏன் இங்கே சேர்த்தீர்கள் என்று திருமதி மோர்கனைக் கேட்டார். அதற்கு அவர், எங்களைத் திட்டும் அதே குரலில், அதே முகத்தோடு, "இவர்களைக் குறை சொல்வதற்கு நான் இருக்கிறேன். அந்த வேலைக்கு உம்மை யாரும் கூப்பிடவில்லை," என்றார். அந்த மனிதர் போய்விட்டார். உடனே என் பக்கம் திரும்பி, "உங்கள் கார் ஒன்று நடைபாதையில் ஏறித்தான் நிற்கிறது. போய் எடுங்கள்," என்றார்.

இனி டேவிஸின் கதைக்கு வருகிறேன். அவர் ஸ்ரீட்கார் என்கிற வீதி ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். பருத்த ஆள். நெஞ்சின் அடியிலிருந்து வரும் கீழ்க்குரல். நாங்கள் அங்கே போவதற்குச் சில வருடங்கள் முன்பு அவருக்கும் திருமதி மோர்கனுக்கும் பெரிய சண்டை நடந்திருந்தது. பேரப்பிள்ளைகளுக்கு வெல்ஷ் தெரியாது, ஆங்கிலத்திலும் சில பாட்டுகள் பாடினால் அவர்கள் வருவார்கள் என்று டேவிஸ் சொல்லியிருக்கிறார். முடியாது என்றார் திருமதி மோர்கன். "நீ இந்தக் குழுவைப் புதைக்கிறாய்," என்றார் டேவிஸ். "நீ பல வருடமாகச் சுருதி இறங்கித்தான் பாடுகிறாய், நான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்," என்று எல்லார் முன்னிலையிலும் திருமதி மோர்கன் சொல்லிவிட்டார். டேவிஸ் எழுந்து நடந்தார். அவரோடு தம்பிமார், மைத்துனன்மார், அவர்களுடைய மனைவிமார் எல்லாரும் போய்விட்டார்கள். குழுவின் ஆண் குரல்கள் அநேகமாக முழுவதும் அவர்களுடையவை. மிச்சமிருந்தது பெண்களும், இருமல்காரக் கிழவர்கள் சிலரும். கடையில் கண்டாலும் முகம் திருப்பினார்கள். ஒரே கிராமத்து ஆட்கள் வெவ்வேறு இடங்களில் தேநீர் விருந்து வைத்தார்கள். நம்மவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எண்பத்தாறின் தொடக்கத்தில் சபைத் தலைமையகத்திலிருந்து தகவல் வந்தது. ஆலயத்தைப் பூட்டிவிட்டு, இருக்கிற ஆட்களை வேறொரு ஆங்கிலச் சபையோடு சேர்த்துவிட யோசிக்கிறார்கள். மார்ச்சில் வரும் அவர்களுடைய புனிதரின் திருநாளுக்கு வழக்கமாக ஒரு பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். அதைப் பார்க்க ஓர் அதிகாரி வருவார். அதைக்கூட ஒழுங்காக நடத்த ஆளில்லையென்றால் முடிவு தெரிந்ததுதான். பூட்டினால் அவர்களுக்குப் பாட இடமில்லை. எங்களுக்குப் படிக்க இடமில்லை.

அந்த வாரம் திருமதி மோர்கன் பேஸ்மென்ற்றுக்கு வந்தார். கதிரைச் சத்தத்துக்காக அல்ல.

"கச்சேரிக்கு உங்கள் ஆட்களைக் கூட்டி வாருங்கள். இருக்கைகள் வெறுமையாக இருக்கக் கூடாது."

"என்ன பாட்டுகள், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே…" என்று தொடங்கினேன்.

"பாட வேண்டாம். தயவுசெய்து பாட வேண்டாம். வந்து இருந்தால் போதும்."

பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பெரிய அமளி. "வடைக்கு இடமில்லை, கதிரைக்கு மட்டும் நாங்கள் வேணுமோ?" என்று கேட்டார் சிவபாலன். "பூட்டினால் எங்கை போறது? திரும்ப வோபர்ன் கீழறைக்கோ?" என்று நாகேஸ் அன்ரி கேட்ட பிறகுதான் அடங்கினார்கள். சந்தோசமாக ஒருவரும் சம்மதிக்கவில்லை.

அவர்களுடைய கச்சேரி வழக்கம் வேறு மாதிரி. முதலில் குழு பாடும். பிற்பகுதியில் வந்திருக்கும் எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். அதனால் குடும்பமாக ஒரே வரிசையில் இருக்க மாட்டார்கள். குரலின்படி இருப்பார்கள். பெண்களின் மேல்குரல் ஓரிடம், கீழ்க்குரல் ஓரிடம், ஆண்களுக்கும் அப்படியே. கணவன் ஒரு மூலை, மனைவி ஒரு மூலை. இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

டேவிஸ் வேறொரு திட்டத்தோடு வருகிறார் என்பதும் எங்களுக்குத் தெரியாது. அவரே பிறகு சொன்னார். தன் ஆட்கள் எல்லாரையும் கூட்டி வந்து, பின்பக்கம் ஒரு கட்டாக இருத்தி, கடைசி வரை வாய் திறக்காமல் இருப்பது. ஆண் குரல் இல்லாத கச்சேரியை அதிகாரி கேட்கட்டும். அந்த வழக்கத்தை மீறி ஒன்றாக இருப்பதே அவருடைய பகிரங்கப் போர் அறிவிப்பு.

நாங்கள் நேரத்தோடு போய்விட்டோம். ஆலயம் என்றதும் எங்கள் ஆட்கள் செய்வதைச் செய்தார்கள். வாசலில் சப்பாத்துகளைக் கழற்றினார்கள். உள்ளே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக, ஊர்க் கோயிலில் இருப்பது போல இருந்தார்கள். அங்கங்கே இடைவெளி விட்டுத் தாராளமாகவும் இருந்தார்கள். பின்வரிசைகள்தான் முதலில் நிரம்பின. அதுவும் நம் வழக்கம்தான். டேவிஸின் கூட்டம் வந்து பார்த்தபோது வாசலில் சப்பாத்து மலை. பின்பக்கத்தில் கட்டாக இருக்க இடமில்லை. ஏதோ புது விதி என்று நினைத்து அவர்களில் பாதிப்பேர் சப்பாத்தையும் கழற்றிவிட்டார்கள். டேவிஸின் காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது.

அவர் மனைவியோடு பெண்கள் பக்கத்து வரிசையொன்றில் நுழைந்தார். அங்கே காஞ்சிபுரம் சேலையில் நாகேஸ் அன்ரி.

"நோ, நோ. லேடீஸ்," என்றார் அன்ரி. "ஆம்பிளையள் அங்கால. மென் தட் சைட்."

"நான் என் மனைவியோடு இருக்கிறேன்," என்றார் டேவிஸ்.

"வீட்டிலை இருங்கோ. இது கோயில்." இதை அன்ரி தமிழில்தான் சொன்னார். கை மட்டும் தெளிவாக ஆண்கள் பக்கத்தைக் காட்டியது. மனைவி டேவிஸை விட்டுவிட்டு அன்ரிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். டேவிஸுக்குப் பின்னால் வந்த தம்பிமாரையும் மைத்துனன்மாரையும் எங்கள் மற்றப் பெண்கள் அப்படியே திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே என்று எங்கள் ஆண்களுக்கு நடுவில் செருகுப்பட்டார்கள். டேவிஸ் எனக்கும், தான் நாலைந்து வருடம் பேசாத ஒரு கிழவருக்கும் இடையில் வந்து விழுந்தார். இதெல்லாம் மோர்கன் சொல்லிக்கொடுத்த சூழ்ச்சி என்று அவர் நினைத்தார். கழுத்து சிவந்திருந்தது.

என் வகுப்பிலும் இதைக் கண்டிருக்கிறேன். கடைசி வரிசை வாங்கில் ஆறு பேர் ஒன்றாகச் சேர்ந்து பதில் சொல்வதில்லை என்று முடிவெடுத்தால் பிரம்பாலும் அசைக்க முடியாது. அந்த ஆறு பேரையும் ஆறு வாங்கில் இருத்திவிட்டுக் கேளுங்கள். கூட்டமாக இருப்பவனுக்கு மௌனம் சுகம். தனியாக இருப்பவனுக்கு அது பாரம்.

பிற்பகுதி தொடங்கியது. பெண்கள் பாடினார்கள். ஆண்கள் பக்கத்தில் இரண்டு இருமல். அதிகாரி முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். திருமதி மோர்கன் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. இரண்டாவது பாட்டில் டேவிஸ் முணுமுணுக்கத் தொடங்கினார். "வேகம். பார், எவ்வளவு வேகம்! இந்தப் பாட்டை இப்படியா பாடுவது?" பற்களைக் கடித்தார். மூன்றாவது பாட்டில் அவரால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தார். என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. அன்பினால் பாடவில்லை. திருமதி மோர்கனின் வேகத்தை இழுத்துப் பிடிப்பதற்காகவே பாடினார். அங்கங்கே செருகுப்பட்டிருந்த அவருடைய ஆட்களுக்கு அது விளங்கிவிட்டது. ஒவ்வொருவராக எழுந்து, அவரோடு சேர்ந்து பின்னுக்கு இழுத்தார்கள். திருமதி மோர்கன் கையை இன்னும் விரைவாக வீசினார். அவர்கள் இன்னும் கனமாக இழுத்தார்கள். கடைசிச் சரணத்தை விருப்பமிருந்தால் திரும்பப் பாடுவது அவர்களுடைய வழக்கம். திருமதி மோர்கன் திரும்பத் தொடங்கினார், தன் வேகத்தில். அவர்கள் தங்கள் வேகத்தில். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. எத்தனை தரம் பாடினார்கள் என்று நான் எண்ணவில்லை. கூரை தாங்குமா என்றுதான் பார்த்தேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒற்றுமையைக் கண்டு உருகிவிட்டார், பாவம்.

ஆலயத்தைப் பூட்டும் கதை அதோடு நின்றது.

தேநீர் நேரத்தில் திருமதி மோர்கன் என்னிடம் வந்தார். "அந்தச் சேலைக்காரிக்கு அப்படிச் செய்யச் சொன்னது யார்?"

"யாரும் இல்லை. அது எங்கள் வழக்கம்."

"தற்செயல் என்று டேவிஸிடம் சொல்லாதீர்கள்," என்றார்.

"இனி அவரோடு சமாதானமாகிவிடுவீர்களா?" என்று கேட்டேன்.

"எதற்கு? எனக்கு அந்த மனிதனைப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. அவனுடைய குரல் இங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவும் சுருதி இறங்கிய குரல்."

டேவிஸ் அடுத்த பயிற்சிக்கு வந்தார், திருமதி மோர்கனின் வேகத்தைத் திருத்துவதற்காக. அதற்கடுத்ததற்கும் வந்தார். மூன்று வருடம் மேலே சண்டை, பாட்டு, சண்டை என்று கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் மேலும் திருமதி மோர்கனுக்கு அன்பு பிறந்துவிடவில்லை. அதை யாரும் இட்டுக்கட்டிச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு மார்ச்சிலும் "அதே மாதிரி வந்து இருங்கள், பாட வேண்டாம்," என்பார். போன மாதம்கூட ஒரு கதிரைக்காகப் படியிறங்கி வந்தார். நடுவில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு வந்து முறைத்துவிட்டுத்தான் போனார்.

புதன்கிழமை அடக்கத்தில் டேவிஸ்தான் பாட்டை நடத்தினார். ஆசைப்பட்ட இடம் கிடைத்துவிட்டது. ஆசைப்பட்டபடியே மிக மெதுவாகத் தொடங்கினார். எதிர்த்து இழுக்க ஒருவரும் இல்லை. பாட்டு தளர்ந்து தளர்ந்து நிற்கப் பார்த்தது. பாதியில் அவருடைய கை தானாகவே வேகமெடுத்தது. முகத்தில் அப்படியொரு எரிச்சல்.

நான் திருமதி மோர்கனிடமிருந்து எதை எடுத்துக்கொண்டேன் என்று கேட்டால், அந்தத் தேநீர் நேரத்துப் பேச்சைத்தான். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சண்டை பிடித்த பொடியன்களை முதலில் கைகுலுக்க வைத்து, பிறகு ஒன்றாக வேலை செய்ய விட்டவன் நான். கை குலுக்கிவிட்டுக் கிணற்றடியில் மறுபடி அடிபடுவார்கள். அவர் கைகுலுக்கலைக் கேட்கவே இல்லை. வேலையைக் கேட்டார்.

போன வருடம் எங்கள் தமிழ் வகுப்பும் இரண்டாகப் பிரிந்தது எல்லாருக்கும் தெரியும். திரு. கனகசபையும் அவரோடு போனவர்களும் ஸ்காபரோவில் அதே சனிக்கிழமை, அதே நேரம் தனியாக நடத்துகிறார்கள். அவர்களும் இதை வாசிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பெரிய பிள்ளைகளுக்கான வகுப்பு இப்போது இங்கேயும் நடப்பதில்லை, அங்கேயும் நடப்பதில்லை. இரண்டு இடத்திலும் போதிய பிள்ளைகள் இல்லை. அவர்கள் தமிழை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். நேற்று கனகசபையைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"ஆர்?"

"நான் மாஸ்ரர் கதைக்கிறன்."

"உங்களோடை எனக்கொரு கதையும் இல்லை."

"கதைக்க வேண்டாம். உங்கடை பெரிய பிள்ளையளையும் எங்கடையளையும் ஒண்டாய் இருத்துவம். இலக்கணம் உங்களைப்போல எடுக்க இஞ்சை ஆளில்லை. நீங்களே எடுங்கோ."

"உங்கடை முகத்திலை முழிக்கக்கூடாதெண்டு இருக்கிறன்."

"நல்லது. எனக்கும் உங்களைப் பிடிக்காது. சனிக்கிழமை எத்தினை மணிக்கு வாறியள்?"

வைத்துவிட்டார். இதை அச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் கூப்பிடுவேன்.